வீடுதான் காரணம் என்போருக்கு

புனே நகரின் தென்கிழக்கிலுள்ள கோந்த்வாவில், தேசிய வங்கி மேலாண்மைக் கழகத்தின் பெயரால் என்.ஐ.பி.எம். சாலை என்று வழங்கும் வீதியில், காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு, இந்நாட்டின் கல்வி நிலையைப் பற்றி எவரும் அறிக்கை படித்துக் காட்டவேண்டியதில்லை. அடுக்குமாடி வளாகங்களின் வாசலில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நின்று, ஆங்கிலப் பள்ளிகளின் சீருடை அணிந்த பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அதே வேளையில் மீட்டா நகர், பாக்யோதய் நகர், சிவனேரி நகர் முதலிய இடங்களின் சந்துகளிலிருந்து, தம்பி தங்கையரைக் கையில் பிடித்துக்கொண்டு, மாநகராட்சியின் மராத்திப் பள்ளிக்கும் உருதுப் பள்ளிக்கும் பிள்ளைகள் நடந்துபோகிறார்கள். இரு கூட்டத்தாரும் ஒரே சாலையைக் கடக்கிறார்கள். சட்டம் வந்து தலையிட்டாலன்றி ஒரே வகுப்பில் உட்காருவதில்லை.

இந்தப் பிரிவினை இருக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. அதன் காரணத்தைப் பற்றித்தான் நம்மிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. "வீடுதான் காரணம். தாயும் தகப்பனும் எழுத்தறியாதவர்கள்; வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது; அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் கொண்டுபோய் உட்காரவைத்தால்தான் என்ன? சட்டம் போட்டும் திட்டம் தீட்டியும் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அதை ஆராய்வதற்கென்று பணம் செலவழிப்பதோ அதைவிட வீண்." குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் இப்படிப் பேசுகிறார்கள், ஆசிரியர் அறைகளில் பேசுகிறார்கள், எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது, பிள்ளையை மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பும் தாயே, தங்கள் வம்சத்துக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லி, பிறர் சுமத்திய பழியைத் தானே எடுத்துத் தலைமேல் வைத்துக்கொள்வது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், தவறென்று காட்டப் போதிய சான்று நெடுநாளாகவே நம் கையில் இருக்கிறது என்பதும், அச்சான்றைப் பாராதிருப்பதால் குழந்தைகள் நஷ்டப்படுகிறார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதே புனேயில் இந்த அபிப்பிராயத்துக்கு ஒரு நீண்ட பூர்வசரித்திரம் உண்டு. 1848 இல் பிடே வாடாவில் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1882 இல், கல்வியைப் பற்றி விசாரித்த ஹண்டர் கமிஷனுக்கு அளித்த மனுவில், சர்க்காரின் வருமானம் பெரும்பாலும் உழைக்கும் குடியானவனின் வியர்வையிலிருந்து வருகிறது என்றும், அது செலவாவதோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்கு என்றும் எடுத்துக்காட்டி, பன்னிரண்டு வயதுவரையாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். மேலே உள்ளவர்களுக்குப் படிப்பைக் கொடுத்துவிட்டால் அது கீழே உள்ளவர்களிடம் தானாக வந்து சேரும் என்ற கொள்கை ஆட்சியாளரிடம் அப்போது செல்வாக்குடன் இருந்தது. அப்படி எதுவும் வந்து சேரவில்லை என்பதைப் புலே கண்ணால் கண்டிருந்தார். பிறகு, புனேயின் பெர்குஸன் கல்லூரியில் போதித்த கோபாலகிருஷ்ண கோகலே, 1911 மார்ச்சில் வைஸ்ராயின் சட்டசபையில் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை, அவர்களிடம் கல்விக்கு நாட்டமில்லை என்பவையே எதிர்வாதங்களாக எழுந்தன. 1912 மார்ச்சில் 13 பேர் ஆதரிக்க, 38 பேர் எதிர்க்க, மசோதா வீழ்ந்தது. நாட்டமில்லை என்று சொல்லப்பட்ட அந்த மக்களின் பேரர்கள்தாம், இன்று ஒரு பள்ளியிடத்துக்காக இரவெல்லாம் கணினிக் கடைகளில் காத்திருக்கிறார்கள். எந்தத் தலைமுறையிலும் குறைபாடு வீட்டின்மேல் சுமத்தப்பட்டது. அடுத்த தலைமுறையில் ஏற்பாடு சிறிது மாறியதும் அந்தக் குறைபாடு மறைந்துபோயிற்று.

எதிர்த்தரப்பார் கூற்றில் ஒரு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வறுமை கல்வியைப் பாதிக்கிறது. படித்த தாயின் பிள்ளைக்குச் சௌகரியங்கள் அதிகம். 1966 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலறிஞர் சுமார் ஆறு லட்சம் மாணவரை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், மதிப்பெண் வித்தியாசங்களுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்று சொன்னதைப் படித்தவர்கள் மேற்கோளாகக் காட்டுவார்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்லிற்று: பின்தங்கிய வீட்டுப் பிள்ளையின் முன்னேற்றம், உடன் படிப்பவர் யார் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. இந்தப் பாதியை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. மேலும் 1983 இல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, நாடு எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு அங்கே பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் அதிகமாகப் பேசுகின்றன என்று கண்டார்கள். பணக்கார நாட்டின் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நம்மவர் தலைமேல் வைப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

கோந்த்வாவைப் பற்றிப் பேசும்போது மற்றொரு பழியையும் இங்கேயே நேராகச் சந்திக்கவேண்டும். முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பகுதியானபடியால், "அவர்கள் பிள்ளைகளை மதரஸாவுக்குத்தானே அனுப்புகிறார்கள், அவர்களுக்கு எதற்குப் பள்ளி?" என்று படித்தவர்களே தயக்கமின்றிச் சொல்கிறார்கள். முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006 இல் வெளிவந்த ஸச்சார் குழுவின் அறிக்கை, பள்ளிப் பிராயத்து முஸ்லிம் குழந்தைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் ஏறக்குறைய மூன்று சதவீதமே என்று காட்டியது. 6 முதல் 14 வயதுவரையுள்ள முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளியையே மிதியாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்றும் அதே அறிக்கை கூறிற்று. அந்தக் கால் பங்கு எங்கே போயிற்று, அருகில் எந்தப் பள்ளி இருந்தது, அதில் எத்தனை வகுப்புவரை இருந்தது என்று கேட்பதுதான் ஆராய்ச்சி. மதத்தின்மேல் காரணத்தைப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வி பிறப்பதேயில்லை.

இனி, இந்த அபிப்பிராயம் சட்டமாகவே வடிவெடுத்த சந்தர்ப்பத்துக்கு வருவோம். ஆர்.டி.இ. என்று ஆங்கிலத்தில் சுருக்கி வழங்கும் 2009 இன் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 9 ஆம் தேதி மகாராஷ்டிர அரசு தன் விதிகளைத் திருத்தி, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அங்குள்ள தனியார் பள்ளி இந்த இடங்களைத் தரவேண்டியதில்லை என்று ஆணையிட்டது. கர்நாடகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய திருத்தம் வந்துவிட்டது. கோந்த்வாவைப் போல நெருங்கிய குடியிருப்பில், ஒரு கிலோமீட்டருக்குள் மாநகராட்சிப் பள்ளி இல்லாத தனியார் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஆகவே அந்த விதி நிலைத்திருந்தால் என்.ஐ.பி.எம். சாலையின் வகுப்பறைகள் மீட்டா நகரத்துப் பிள்ளைகளுக்கு மூடிக்கொண்டிருக்கும். பம்பாய் உயர் நீதிமன்றம் மே மாதத்தில் அதற்குத் தடை விதித்து, ஜூலை 19 ஆம் தேதி அது தாய்ச்சட்டத்துக்கே முரணானது என்று ரத்துச்செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அவ்வாண்டு மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துச் சொச்சம் இடங்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. வீட்டில் கல்விக்கு நாட்டமில்லை என்று சொன்னவர்கள் இந்த எண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

"அருகிலேயே பள்ளி இருக்கிறதே" என்ற வாதத்தின் உள்ளே மற்றொரு வாதம் ஒளிந்திருக்கிறது. ஏழைப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் வகுப்பின் தரம் கெட்டுவிடும் என்பது அது. இதை யூகத்தால் தீர்க்கவேண்டிய அவசியமில்லை. டில்லியில், சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற உயர்ந்த தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழை மாணவர்களைச் சேர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டன. அதன் விளைவைக் கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகளின் கணக்கிலும் ஹிந்தியிலும் குறைவு ஏதுமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிதளவு குறைந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்ததைப் பாருங்கள். தொடர் ஓட்டப் பந்தயத்துக்குத் துணைவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஓட்டத்தில் வல்ல ஏழைச் சிறுவனையா, அவனைவிடப் பின்தங்கி ஓடும் பணக்காரச் சிறுவனையா என்பது கேள்வி. வகுப்பில் ஏழைகளோடு பழகியிராதவர்களில் பலர், பரிசை இழந்தாலும் தம் இனத்தானையே தேர்ந்தார்கள். பழகியவர்களிடம் அந்தப் பாரபட்சம் குறைந்திருந்தது, பிறர்க்குக் கொடுக்கும் மனமும் கூடியிருந்தது. தன் பிள்ளை இத்தகைய மனிதனாக வளர்வதைத் தரக்குறைவு என்று எந்தத் தகப்பனார் சொல்லத் துணிவார்?

அதே நேர்மையோடு நம் பக்கத்தாருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். ஆந்திரத்தில் முரளிதரன், சுந்தரராமன் என்ற ஆய்வாளர்கள், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிகளில் சேர்த்து, நான்கு ஆண்டுக்குப் பின் சோதித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடச் சிறந்துவிடவில்லை, ஹிந்தியில்தான் தெளிவாக முந்தினார்கள். தனியார் பள்ளியில் சேர்த்தாலே பிள்ளை மேதையாகிவிடும் என்ற நம்பிக்கை இதனால் தகர்கிறது; தகரட்டும். நான் 25 சதவீத இடத்துக்காக வாதாடுவது, ஒரே தெருவின் குழந்தைகள் ஒரே பலகையில் உட்காரவேண்டும் என்பதற்காக. எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் காரியத்துக்கு வேறு பரிகாரங்கள் உண்டு. அவற்றையும் சோதித்தே கண்டிருக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், வீடுதான் காரணம் என்ற வாதத்தை இதைப்போல் நிர்மூலமாக்கிய சான்று வேறொன்றை நான் அறியேன். 'பிரதம்' என்ற ஸ்தாபனம் மும்பையிலும் வதோதராவிலும் பால்சகி என்றொரு முறையை நடத்தியது. பால்சகி என்பவள் அந்தக் குடியிருப்பிலேயே வாழும், உயர்நிலைப் படிப்பு முடித்த இளம்பெண். ஆசிரியப் பயிற்சி பெற்றவளல்லள். மாதச் சம்பளம் சில நூறு ரூபாய். மூன்றாம், நான்காம் வகுப்புகளில், முதல் வகுப்புப் பாடமே வராமல் கடைசி வரிசையில் ஒதுங்கியிருந்த சுமார் இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று, அவர்கள் எந்த இடத்தில் தடுக்கி நின்றார்களோ அந்த இடத்திலிருந்து, எழுத்தானால் எழுத்திலிருந்து, கூட்டலானால் கூட்டலிலிருந்து கற்பித்தாள். 2001 முதல் 2003 வரை பானர்ஜி, டூப்லோ, கோல், லிண்டன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் இதை அளந்தார்கள். பள்ளியின் சராசரியே உயர்ந்தது. உயர்வின் பெரும்பங்கு மிகவும் பின்தங்கியிருந்தவர்களுடையது. வகுப்பில் கூட்டம் குறைந்ததால் எஞ்சிய பிள்ளைகளுக்கு நன்மை உண்டாகவில்லை என்பதையும் கண்டார்கள். ஆகவே பலன் அளித்தது, பிள்ளையின் நிலையறிந்து அங்கிருந்து தொடங்கிய அந்த முறைதான் என்பது ஊர்ஜிதமாயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் வீடுகள் மாறவில்லை. தாய்மார் எழுத்துக் கற்கவில்லை, தகப்பன்மாரின் கூலி உயரவில்லை, அலமாரியில் புத்தகங்கள் வந்து சேரவில்லை. மாறியது பள்ளியின் ஏற்பாடு ஒன்றே.

நம் தமிழ்நாட்டு அநுபவமும் இதையே சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் உண்டான இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, மாலைவேளையில் தெருவோரத்துத் திண்ணையில் தன்னார்வலர் நடத்தும் வகுப்பால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் தெரிந்தது. இழப்பு ஏழை வீடுகளில் அதிகம். மீட்சியும் அங்கேயே அதிகம். பீகாரில் 2006 இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்ததால் உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை முப்பது சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பெண்ணைப் படிக்கவைப்பதில் பெற்றோருக்கு விருப்பமில்லை என்று காலங்காலமாகச் சொன்னோம். தடையாக நின்றது தூரம்.

நல்லெண்ணத்தோடு செய்ததெல்லாம் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. இந்தோனேசியாவில் ஆசிரியர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு வளர்ந்தது, பிள்ளைகளின் படிப்பு வளரவில்லை. எது உதவுகிறது, எது உதவுவதில்லை, யாருக்கு உதவுகிறது என்று பிரித்தறிவதற்காகவே ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. அதை வீண்செலவு என்பவர்கள், ஆராயாமல் செலவிட்ட கோடிகளின் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இங்கே, நான் மதிக்கும் சிலர் வேறொரு திசையிலிருந்து ஆட்சேபிக்கிறார்கள். அரசுப் பள்ளியைச் செம்மைப்படுத்துவதுதான் முறை, தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளையும் பணத்தையும் அனுப்பினால் பொதுப்பள்ளி நலிந்துபோகும் என்பது அவர்கள் கருத்து. கோத்தாரி கல்விக் கமிஷன் 1966 இல் சிபாரிசு செய்த அண்மைப்பள்ளியை, அதாவது ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அனைவரும் ஜாதி, மதம், செல்வம் பாராமல் அங்குள்ள ஒரே பள்ளியில் படிப்பதை, இந்த நாடு நிறைவேற்றியிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதவேண்டிய தேவை இருந்திராது. அக்கமிஷனின் செயலாளராக இருந்த ஜே.பி. நாயக் நிறுவிய இந்தியக் கல்விக் கழகம் 1976 இல் மும்பையிலிருந்து இதே புனேக்கு வந்தது என்பதை நினைக்கும்போது, இந்நகரம் கேட்கத் தவறியது எவ்வளவு என்று துக்கம் உண்டாகிறது. ஆனால் 2024 இன் திருத்தம் கோந்த்வாவின் மாநகராட்சிப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரையோ ஒரு வகுப்பறையையோ கூட்டித் தரவில்லை. இருந்த இடத்தை மட்டும் பறித்தது. பொதுப்பள்ளியை உயர்த்துவோம் என்று உண்மையாகவே சொல்பவர் முதலில் அதை உயர்த்திக் காட்டட்டும். அப்போது பெற்றோர் விண்ணப்பத்தைத் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

சட்டம் இருந்தும் அதன் பயன் எங்கே சிந்திப்போகிறது என்பதையும் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். வாடகை அறையில் குடியிருக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் பெண்ணுக்காக விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் இணையத்தில்; ஆகையால் ஜெராக்ஸ் கடைக்காரரின் தயவு வேண்டும். திரையில் வரும் வரைபடத்தில் தன் வீடு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புக் குமிழை நகர்த்தி வைக்கவேண்டும். அது ஒரு சந்து தள்ளி விழுந்தால் பள்ளியின் தூரம் மாறி, ஒரு கிலோமீட்டருக்குட்பட்டவர் என்ற முன்னுரிமை போய்விடும். வாடகை ஒப்பந்தம் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பட்டியல் சாதியினரோ பிற்பட்ட வகுப்பினரோ அல்லாதவரானால், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் என்று தாசில்தார் சான்று தரவேண்டும். பெருநகரத்தில் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர் ஒரு லட்சத்துக்குள் எப்படி வாழ்வார் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. குலுக்கலில் பெயர் வந்த பிறகு சரிபார்ப்புக் குழுவின்முன் இவை யாவும் மூலப்பிரதியாக வேண்டும். அரசோ, பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 17,670 ரூபாய் என்று நிர்ணயித்த தொகையையும் காலத்தில் கொடாமல் பாக்கி வைப்பதால், பள்ளி நிர்வாகம் அந்தப் பெண்ணைச் சுமையாகவே பார்க்கிறது. ஆசிரியரும் அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'ஆர்.டி.இ. பிள்ளை' என்கிறார். இந்த ஒவ்வொரு படியிலும் தகுதியுள்ள சில குழந்தைகள் உதிர்ந்துபோகிறார்கள். உதிர்ந்தவர்களைக் காட்டி, பார்த்தீர்களா, இவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு தங்கியவர்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2016 இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2024 இல் எட்டாம் வகுப்பை முடித்தது. ஒன்பதாம் வகுப்பின் கட்டணம் பெற்றோர் தலையில் முழுதாக விழுந்தது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பள்ளியில் நீடித்தார்கள், எத்தனை பேர் மாநகராட்சிப் பள்ளிக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதை அறிய எவரும் வீடுவீடாக அலையவேண்டியதில்லை. சேர்க்கைப் பட்டியல் கல்வித் துறையிடம் இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவரின் பெயரையும் எண்ணிட்டு வைத்திருக்கும் 'சரல்' பதிவேட்டை மகாராஷ்டிரம் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பள்ளிவாரியாக விவரத்தை வெளியிட வேண்டும். எட்டாம் வகுப்போடு நிற்கும் வரம்பைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டினால் ஆகும் செலவையும் அந்தக் கணக்கிலிருந்தே எழுதிவிடலாம். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் ஆகிய இரண்டு பகுதிகளின் பள்ளிகளை முதலில் எடுத்துக்கொண்டு, வருகிற கல்வியாண்டுக்குள் புனே மாவட்டக் கல்வி அலுவலகம் இதைச் செய்து முடிக்கலாம்.